ஜட்கா குதிரைக்கு நான் கட்டிய எத்ரியே

பொறாமைக்கு வைத்தியம் கிடையாது. இருந்திருந்தால் என் கணுக்காலில் இந்தத் தழும்பு இருந்திருக்காது.

ஐம்பதுகளின் தொடக்கம். சங்கரன்கோவிலில் என் தாய்மாமா மகள் கோமதிக்குக் கல்யாணப் பேச்சு எழுந்தது. முறைமாப்பிள்ளைகள் இரண்டு பேர். ஒருவன் நான், அப்பாவின் ஜவுளிக்கடையில் துணி கிழிப்பவன். இன்னொருவன் என் சித்தி மகன் வேலு. பாண்டிச்சேரியில் ஒரு பிரெஞ்சுக்காரத் துரையிடம் வேலை பார்த்தான்.

ஆடித்தபசுத் திருவிழாவுக்கு ஊருக்கு வந்தவன் மாமா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து கதை அளந்துகொண்டிருந்தான். துரைக்குக் குதிரைச் சவாரி, மலையேற்றம் இரண்டுமே பைத்தியமாம். சேணத்தில் கால் வைக்கிற அங்கவடிக்கு அவர்கள் பாஷையில் 'எத்ரியே' என்று பெயராம். செஞ்சிப் பாறையில் செங்குத்தாக ஏறும்போது கால் ஊன்ற ஒரு கயிற்றுப்படி தொங்குமாம், அதற்கும் எத்ரியேதானாம்.

"ரெண்டுக்கும் ஒரே பேரா அத்தான்?" என்று கோமதி கேட்டாள். எப்போதும் கதவுக்குப் பின்னால் நின்று பேசுகிறவள், அன்றைக்கு முன்னால் வந்து கேட்டாள்.

"ரெண்டுலயும் கால வச்சுத்தான ஏறுதோம்" என்றான் வேலு.

"நம்ம பனையேறி காலுல மாட்டுத தளைநார்தான அது? இதுல என்ன அதிசயம்?" என்றேன். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கோமதி மட்டும், "நீங்க குதிரையில ஏறியிருக்கியளா அத்தான்?" என்றாள்.

"ஏறாம? நாளைக்குக் காலையில வாரேன், பாரு."

நான் அதுவரை கழுதைமேல்கூட ஏறியதில்லை. விடிந்ததும் ஜட்கா வண்டி ஓட்டும் காசிம் பாயிடம் கெஞ்சிக் குதிரையை அவிழ்த்து வந்தேன். சேணமும் இல்லை, அங்கவடியும் இல்லை. கயிற்றிலும் எத்ரியே உண்டு என்று வேலுவே சொல்லிவிட்டானே! சாக்கை மடித்து அதன் முதுகில் போட்டு, எங்கள் கிணற்றுக் கயிற்றை வயிற்றோடு சுற்றி, இரண்டு பக்கமும் வளையம் தொங்கவிட்டேன். எனக்குத் தெரிந்த முடிச்சு ஒன்றுதான். குடத்தின் கழுத்தில் போடும் சுருக்கு. கனம் ஏற ஏற இறுகும், குடம் கிணற்றுக்குள் விழவே விழாது.

மாமா வீட்டுத் தெரு வரை நான் ராஜா. கோமதி வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். வேலு வேப்பங்குச்சியை மென்றுகொண்டு நின்றான். கம்பீரமாக இறங்கப் பார்த்தேன். கயிறு கணுக்காலை விடவில்லை. உதற உதற இறுகியது.

அந்த நேரம் பார்த்து ரயில் ஊதியது. ரயில் ஊதினால் சவாரி ஏற்ற ஸ்டேஷனுக்குப் போகவேண்டும், அந்தக் குதிரைக்குத் தெரிந்தது அவ்வளவுதான். போனது. நான் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டேன்.

"என்னத்தான், ரயிலுக்கா போறிய?" என்று கோமதி கேட்டது காதில் விழுந்தது.

தேரடி, கடைத்தெரு, அப்பாவின் கடை எல்லாம் கடந்தோம். (அப்பா என்னை யாரென்றே தெரியாதவர்போல் வேட்டி மடித்தார்.) குதிரை வழக்கமான இடத்தில் போய் நின்றது. ரயிலிலிருந்து இறங்கிய பெரியவர் ஒருவர் மூட்டையை என் மடியில் வைத்து, "ராயகிரிக்கு என்ன வே கேக்கீரு? வண்டி எங்க?" என்றார்.

"என்னால எறங்க முடியல அண்ணாச்சி" என்றேன்.

சைக்கிளில் பின்னாலேயே வந்த வேலுதான் கயிற்றை அறுத்துவிட்டான். அவன் சிரிக்கவே இல்லை. சிரித்திருந்தாலாவது வெறுக்க வசதியாக இருந்திருக்கும்.

கோமதி இனி எனக்கில்லை என்று காலுக்கு மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டு படுத்துக் கிடந்தேன். மாமா பார்க்க வந்தார்.

"வேலு பாறையில தொங்குதவன். என்னைக்கு எங்க கெடப்பான்னு சொல்ல முடியாது. நீ அப்படியில்ல மாப்ள. கட்டுன எடத்துல கெடப்ப."

அடுத்த தையில் எங்களுக்குக் கல்யாணம்.

இன்றைக்கும் ரயில் ஊதினால் பேரப்பிள்ளைகள் ஓடிவந்து என் காலைப் பிடித்துக்கொள்வார்கள், "தாத்தா கெளம்பிருவாவ" என்று. சொல்லிக்கொடுத்தவள் கோமதிதான். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். வேலு வீட்டுக்கு வருகிற நாளில் மட்டும் அவள் இந்தக் கதையை முதலிலிருந்து சொல்கிறாள். சொல்லி முடித்து, அவனுக்கு மட்டும் இன்னொரு காபி வேண்டுமா என்று கேட்கிறாள்.