ஸ்கோப் பாய் செய்த முகமூடி

ஒரு பச்சைக் கோடு தெளிவாகத் தெரிவதற்காக வாஷிங் மெஷினைக் கொன்றவர் கோயமுத்தூரிலேயே ஒருவர்தான் இருக்க முடியும். அவர் எங்கள் பக்கத்து வீட்டு ஸ்கோப் பாய்.

பாய்க்கு ஏலக்காய் வியாபாரம். உக்கடத்துப் பழைய சாமான் கடையில் ஓர் ஆஸிலோஸ்கோப்பை வாங்கிய நாளிலிருந்து ஏலக்காய் இரண்டாம்பட்சமாகிவிட்டது. மின்சாரத்தின் துடிப்பைத் திரையில் பச்சைக் கோடாக வரைந்து காட்டும் கருவி அது. மைக்கை மாட்டிப் பேசினால் நம் குரலும் கோடாக நெளியும். தெருவில் போகிறவர்களை எல்லாம் நிறுத்தி, "ஏனுங்க, ஒரு ஹலோ சொல்லிப்போட்டுப் போங்க" என்பார். பால்காரர் தினமும் சொல்லிவிட்டுத்தான் போவார்.

கருவிக்கு வயதாகிவிட்டதால் பகலில் கோடு மங்கலாகத்தான் தெரியும். வெளிச்சத்தை மறைத்து, முகத்தைப் பதித்துப் பார்க்க ஒரு மூடி வேண்டுமென்று பாய் முடிவு செய்தார். அட்டைப்பெட்டியில் செய்தது நசுங்கிப்போனது. அடுத்து, பிஸ்கட் டின்னின் அடியை வெட்டியெடுத்து, முகம் படும் விளிம்பில் வாஷிங் மெஷின் கதவின் ரப்பர் வளையத்தைப் பொருத்தினார். கச்சிதமாக உட்கார்ந்தது. அன்று துணி துவைத்த தண்ணீர் அவர் வீட்டு ஹாலைத் தாண்டி எங்கள் வாசலுக்கு வந்தது. பின்னாலேயே துடைப்பத்தோடு வந்த அவர் மனைவி ஜமீலாக்கா, "மெஷினக் கழட்டியாச்சுங்க. அடுத்தது என்னையத்தான்" என்றார்.

உள்ளே ஒளி சிதறக் கூடாதென்று டின்னுக்கும் ரப்பருக்கும் பாய் கறுப்பு பூட் பாலிஷ் பூசிய அன்றுதான், அவர் மகள் நஸ்ரினைப் பெண் பார்க்க மேட்டுப்பாளையத்துப் பாக்கு மண்டிக்காரர் குடும்பம் வந்தது. ஏற்கெனவே ஒரு வரன் இந்தக் கருவியைப் பார்த்து மிரண்டு நழுவியிருந்தது. அதனால் பாயைக் காவல் காக்கும் பொறுப்பை ஜமீலாக்கா என்னிடம் கொடுத்திருந்தார். வந்தவர்களுக்குக் கார் நிறுத்த இடம் காட்டிவிட்டுத் திரும்பினேன். ஆளைக் காணோம்.

விருந்தாளிகள் உட்கார்ந்த பிறகு பின்னறையிலிருந்து பாய் சலாம் சொல்லிக்கொண்டே வந்தார். நெற்றியிலிருந்து தாடை வரை முகத்தைச் சுற்றிக் கன்னங்கரேலென்று ஒரு வட்டம். ஜமீலாக்கா கண்ணை மூடிக்கொண்டார்.

மாப்பிள்ளையின் அப்பா நிதானமாக, உள்ளே என்ன வேலையென்று கேட்டார். பாய்க்குப் பொய் வராது. விளக்கினார், விளக்கினார், விளக்கிக்கொண்டே இருந்தார். மண்டிக்காரர் எழுந்து பின்னறைக்குப் போனார். வெகுநேரம் வரவில்லை. எல்லோரும் போய் எட்டிப் பார்த்தோம். டின்னுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, மைக்கில் பாக்கு ஏலம் கூவிக்கொண்டிருந்தார்.

முகத்தை எடுக்காமலே, வேறு யாராவது பேசச் சொன்னார். அதுவரை வாயே திறக்காத நஸ்ரின் மைக்கருகே குனிந்தாள்.

"டீ ஆறுதுங்க மாமா."

மண்டிக்காரர் நிமிர்ந்தார். அவர் முகத்திலும் அதே வட்டம். "மாமான்னு சொல்லிப்போட்டுதே புள்ள. அப்புறம் என்னங்க பேச இருக்குது?" என்றார். முதலில் சிரித்தது மாப்பிள்ளைதான்.

இப்போது பாய் மேட்டுப்பாளையத்துக்கே குடிபோய்விட்டார். போன வாரம் போன் செய்தார். சம்பந்தியோடு சேர்ந்து, மூன்று பேர் ஒன்றாகப் பார்க்கிற மாதிரி ஓர் அகல மூடி செய்கிறாராம். மூன்றாவது இடம் எனக்காம். முக அளவு கேட்டார்.

மறுபேச்சில்லாமல் டேப்பை எடுத்து அளந்து சொன்னேன்.