முள்ளம்பன்றி வைத்த மாறி

ஆறு ஓடும் ஒரு காட்டில் வெள்ள எச்சரிக்கை அலுவலகம் ஒன்று இருந்தது. மேலாளர் ஒரு யானையம்மா. கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டது கருத்தப்பாண்டி என்ற கரடி. அதற்கு உதவியாக, பட்டம்மாள் என்ற முள்ளம்பன்றி.

மேல்காட்டு நீர்நாய் தினமும் தண்ணீர் அளவை ஒரு ஃபைலில் எழுதி, 'கோடை' என்ற ஃபோல்டரில் போடும். கரடியின் புரோகிராம் அதைப் படித்துக் காடெங்கும் ஒலிபெருக்கியில் சொல்லும்.

ஐப்பசி பிறந்ததும் நீர்நாய் 'மழை' என்று புது ஃபோல்டர் திறந்து அதில் எழுதத் தொடங்கியது. கரடியோ ஒவ்வொரு ஒலிபெருக்கிக்கும் ஃபைல் இருக்கும் இடத்தைத் தனித்தனியாக எழுதிவைத்திருந்தது. உட்கார்ந்து 'கோடை'யை எல்லாம் அழித்து 'மழை' ஆக்கியது. முயல் பள்ளத்து ஒலிபெருக்கியை மட்டும் விட்டுவிட்டது.

மறுநாள் காடெல்லாம் "வெள்ளம்! மேடேறுங்கள்!" என்று அலறியது. முயல் பள்ளத்தில் மட்டும் ஒலிபெருக்கி பழைய 'கோடை' ஃபைலைப் படித்து, "தண்ணீர் கணுக்காலளவு. தாராளமாகக் குளிக்கலாம்" என்றது.

முயல் குடும்பம் துண்டும் சோப்புமாகக் கிளம்பியது. துண்டு கடலுக்குப் போய்விட்டது. முயல்கள் ஒரு மரக்கிளையைப் பிடித்துக்கொண்டு கத்தின. கரடி பாய்ந்து நீந்தி, காதைப் பிடித்து ஒவ்வொன்றாகக் கரைசேர்த்தது.

"நீங்க மட்டும் இல்லேன்னா!" என்று அழுதது தாய் முயல்.

பட்டம்மாளுக்கு மனசு கேட்கவில்லை. "அண்ணே, ஃபைல் இருக்கிற இடத்தை மேலே ஒரே தடவை எழுதி, அதுக்கு ஒரு பேர் வைப்போம். கீழே எல்லா இடத்திலேயும் அந்தப் பேரைப் போட்டா போதும். இடம் மாறினா ஒரு வரியை மாத்தினா முடிஞ்சுது. இதுதான் மாறி."

"மாரிதான் கொட்டித் தீர்க்குதே, இன்னுமா?" என்றது கரடி.

பட்டம்மாள் தானே உட்கார்ந்து எழுதியது. அடுத்த ஐப்பசியில் நீர்நாய் மறுபடி ஃபோல்டர் மாறியதும், ஒரே ஒரு வரியை மாற்றியது. வெள்ளம் வந்தது. எல்லா ஒலிபெருக்கிகளும் ஒன்றாக அலறின. எல்லோரும் மேடேறி, நனையாமல் சுண்டல் தின்றார்கள்.

ஆண்டு விழாவில் யானையம்மா கேட்டது: "போன வருஷம் கரடியார் உயிரைக் கொடுத்து நீந்தினார். இந்த வருஷம் நீ என்னம்மா செஞ்ச?"

"ஒண்ணும் ஆகாம பார்த்துக்கிட்டேன், மேடம்."

"ஒண்ணும் ஆகலைன்னு எங்களுக்கே தெரியுது. நீ என்ன செஞ்சேன்னு கேட்டேன்."

தாய் முயல் எழுந்தது. "இந்தப் பொண்ணு எங்களுக்காகக் காலைக்கூட நனைச்சதில்லைங்க."

ஒலிபெருக்கிக்குள் கூடு கட்டிய குளவிகளைக் கலைக்கும் வேலைக்குப் பட்டம்மாளை மாற்றினார்கள். கரடி துணை மேலாளரானது. முதல் வேலையாக மாறியைத் தூக்கிவிட்டு, எல்லாவற்றையும் பழையபடி எழுதியது. பிறகு நீச்சல் பழக ஆற்றுக்குப் போனது.

நீதி: ஊரைக் காப்பாற்ற ஆசையிருந்தால், முதலில் ஊரை ஆற்றில் இறக்கவும்.