டி ஏழில் பெருங்காயம்

ஞாயிறு காலை மாதா கோயிலில் பூசை முடிந்து வந்ததும் இரண்டு மணி நேரம் தூங்குவேன். ஐம்பத்து நான்கு வயதில் நான் கேட்பது அவ்வளவுதான். அதற்குள் என் மனைவி ஜெனவீவ் அடுப்படியிலிருந்து ஐந்து முறையாவது எழுப்பிவிடுவாள்.

“ஏங்க, வெந்தயம் பார்த்தீங்களா?”

“எனக்கு என்னா தெரியும்?” என்று புரண்டு படுப்பேன். போன தூக்கம் போனதுதான்.

1987இல் பீடோங் தோட்ட ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. அங்கே கணக்கெழுதும் கிராணியான என்னை மெர்கோங்கில் மூன்று நாள் வகுப்புக்கு அனுப்பினார்கள். டிஸ்க் போடும் இரண்டு பொந்துகளுக்கு ஏ, பி என்று பெயர். பிரிண்டருக்கு ‘எல்பிடி ஒன்று’ என்று பெயர். வகைக்கு எழுத்து, வரிசைக்கு எண். பெயரைச் சொன்னால் போதும். சாமான் எந்த மூலையில் இருக்கிறதென்று கூப்பிடுகிறவனுக்குத் தெரிய வேண்டியதில்லை. முப்பது வருஷக் குடித்தனத்தில் இது ஏன் எனக்குத் தோன்றவில்லை என்று பஸ்ஸில் வரும்போது வருந்தினேன்.

சனிக்கிழமை ஒரே மாதிரி இருபத்து நான்கு டின் வாங்கிச் சாமான்களை மாற்றினேன். டி ஒன்று, டி இரண்டு என்று ஸ்டிக்கர் ஒட்டினேன்.

“உள்ளுக்கு என்னா இருக்குன்னு எழுதலையே?”

“எழுதக் கூடாது. சாமான் மாறும், பேரு மாறாது.”

“அப்ப எது எதுன்னு யாருக்குத் தெரியும்?”

“எனக்குத் தெரியும் லா. நீ பேரைச் சொன்னா போதும், எங்க இருக்குன்னு தெரிய வேணாம். கேட்டுப் பாரு.”

“பெருங்காயம்?”

“டி ஏழு.”

“கசகசா?”

“டி பத்தொன்பது.”

எனக்கு வேண்டியிருந்தது தூக்கமா, பெருமையா? இப்போது யோசிக்கிறேன்.

ஞாயிறு. கண் மூடிப் பத்து நிமிஷம்.

“ஏங்க, பெருங்காயம்.”

“டி ஏழு.”

“அதெல்லாம் எனக்குத் தெரிய வேணாமே. பேரைச் சொன்னா போதும்னு நீங்கதான சொன்னீங்க. கொண்டாங்க.”

கொடுத்துவிட்டுப் படுத்தேன். கசகசா. எழுந்தேன். சோம்பு. எழுந்தேன். எட்டாவது தடவை படுக்கவே போகவில்லை.

“சும்மாதான நிக்கிறீங்க. அப்படியே குழம்பைக் கிண்டி விடுங்க.”

குரல் ஹாலிலிருந்து வந்தது. என் பிரம்பு நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

“நீ வந்து பாரேன்.”

“நான் எதைப் பார்க்கறது? எல்லா டின்னும் ஒண்ணு போலவே இருக்கு.”

எனக்கு என்ன தெரியும் என்று சொல்ல வழியில்லை. முப்பது வருஷம் என்னைக் காப்பாற்றிய ஒரே வாக்கியம் அது.

சாயங்காலம் பக்கத்து வீட்டு ஜோன் குழம்பை ருசி பார்த்தாள்.

“யாரு வச்சதுக்கா?”

“அவருதான். எது எங்க இருக்குன்னே எனக்குத் தெரியாதும்மா. அடுத்த ஞாயிறு குடும்பத்தோட வாங்க. கோழி வைப்பாரு.”

ஞாயிறு காலை ஆறு மணிக்கே பாசாருக்குப் போனால்தான் நல்ல கோழி கிடைக்குமாம். என் தூக்கத்தைப் பற்றிக் கேட்டேன்.

“பிரசங்கத்துல தூங்கிக்குங்க” என்றாள்.