சிரிப்புக்குத் தனி ரேட்டு

“...அதனால சிரிப்புக்கு மட்டும் தனி ரேட்டுங்க” என்று முடித்தார் கவாத்து.

மசினகுடியில் ரிசார்ட் கட்டிக்கொண்டிருந்த கோயம்புத்தூர்க்காரர், என் கடை ஸ்டூலில் உட்கார்ந்தபடி அவரை மேலும் கீழும் பார்த்தார். “ஏனுங்க, படத்துக்கு ஒரு ரேட்டு, அதுல இருக்கற சிரிப்புக்கு ஒரு ரேட்டுங்களா?”

“தேயிலை போற வெலைக்கு இப்ப மலையில யாருங்க சிரிக்கிறா? தேடிப் புடிக்கணும்ல. அலைச்சல் இருக்கு.”

நீலகிரியில் படம் எழுதிப் பிழைத்தவர்கள் பலர் உண்டு. ஆனால், வாங்க வந்தவரை இவர் அளவுக்குத் தெறிக்கவிட்ட இன்னொருவர் இனிமேல் பிறந்தால்தான் உண்டு. குன்னூரில் படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருந்தவன் சொல்கிறேன், நம்பலாம்.

கவாத்து என்பது தேயிலைச் செடியைச் சில வருஷங்களுக்கு ஒருமுறை ஒட்ட வெட்டிவிடுகிற வேலை. வெறும் குச்சிகள்தான் மிஞ்சும், பிறகு தளிர்க்கும். சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பத்தில் வளர்ந்த இவர், அந்த வேலையில் கைதேர்ந்தவர். அதுவே பெயராகிவிட்டது. சொந்தப் பெயரை நான் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும்.

ஓய்வு நேரத்தில் பழைய தேயிலைப் பெட்டிப் பலகையில் பெயின்டால் படம் எழுதுவார். முதல் படத்தைச் சட்டம் போடக் கொண்டுவந்தபோது பதறிவிட்டேன். மலை முழுக்கக் கறுத்த குச்சிகள்.

“ஐயையோ, எப்பங்க எரிஞ்சுது?”

“எரியலங்க, வெட்டுனது. நல்லாப் பாருங்க. ஒரு வாது கிழிஞ்சிருக்கா?”

ஒரு கிளைகூடக் கிழியவில்லை. ஆனால் மொட்டைக் குச்சியைத் தேனிலவுக்கு வந்தவர்கள் யார் வாங்குவார்கள்? அவர் பச்சையாகவும் எழுதத்தான் செய்தார். அதை விற்கும்போது ஒரு நிபந்தனை சொல்வார்: “இது கவாத்து பண்ணி நாலாம் வருஷத்துச் செடிங்க. அடுத்த வருஷம் கொண்டாங்க, காசு வேணாம், வெட்டித் தர்றேன்.” எல்லோரும் சிரித்துக்கொண்டே போவார்கள். ஈரோட்டு வாத்தியார் ஒருவர் மட்டும் மறு வருஷம் நிஜமாகவே கொண்டுவந்துவிட்டார். ஒரே மத்தியானத்தில் பச்சையெல்லாம் போய்விட்டது. வாத்தியாரின் சம்சாரம் என் கடை வாசலில் நின்று அழுத அழுகையை இன்னும் மறக்கவில்லை. “மறுபடி தளிர்க்கும்மா” என்று கவாத்து அந்த அம்மாவைத் தேற்றினார்.

இப்படியே போயிருக்கலாம். தேயிலை விலை விழுந்து எஸ்டேட் பூட்டி இரண்டு வருஷம் ஆனது. அவர் மனைவி ஜெயம் கெடு வைத்துவிட்டாள். “தீவாளிக்குள்ள இந்தப் பலகை சோறு போடணும். இல்லாட்டித் திருப்பூர் பனியன் கம்பெனிதான். தங்கச்சி வரச் சொல்லிட்டா.” கவாத்துவோ மேட்டுப்பாளையம் வரை இறங்கினாலே மூச்சு முட்டுகிறது என்று சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டுக்கொண்டு நிற்கிற ஆள். அந்த நேரத்தில்தான் ரிசார்ட்காரர் வந்தார். பன்னிரண்டு அறைக்குப் பன்னிரண்டு படம், எல்லாவற்றிலும் கொழுந்து பறிக்கிற பெண் சிரிக்க வேண்டும்.

பார்க்காத எதையும் எழுத மாட்டேன் என்பது கவாத்துவின் கொள்கை. ஆகவே சிரிப்பைத் தேடிக் கிளம்பினார். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளில், லயம் லயமாகப் போனார்.

“சிரிச்சா ஃபேக்டரி தொறந்துருமா?” என்றாள் ஒருத்தி.

“மொதல்ல நீங்க சிரிங்க, பாத்துட்டு நான் சிரிக்கிறேன்” என்றாள் இன்னொருத்தி. இவர் சிரித்துக் காட்டினார். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கடைசியில் பதினொரு படத்திலும் பெண்களை முதுகு காட்டி நிற்க வைத்துவிட்டார்.

பன்னிரண்டாவதற்கு ஜெயத்தையே கூடையோடு பூட்டிய தோட்டத்துக்குள் நிறுத்தினார். இரண்டு வருஷமாகக் கத்தி படாத செடி, ஆளை மிஞ்சி வளர்ந்திருந்தது. உள்ளே போனவளைக் காணோம்.

“என்னாங்க, நான் தெரியிறனா?”

“தெரியலியே.”

“இருவது வருசம் நான் கொழுந்தப் பறிச்சேன். இன்னிக்கு அது என்னைப் பறிச்சிருச்சு!” என்று சொல்லி உள்ளேயிருந்து சிரித்தாளாம். எஸ்டேட் பூட்டியதிலிருந்து அவர் கேட்காத சிரிப்பு. “வெளிய வான்னு கூப்புட மனசு வரலங்க” என்றார் என்னிடம். அவள் அறியாமல் அதைத்தான் எழுதினார். படத்தில் ஆளே இல்லை. அடர்ந்த பச்சை, நடுவில் ஓர் இடத்தில் மட்டும் இலைகள் லேசாக அசைந்தது போல.

தீபாவளிக்குப் பத்து நாள் முன்பு, நல்ல மழையில் ரிசார்ட்காரர் வந்தார். ஜெயம் உள்ளே வராமல் எதிர் டீக்கடையில் நின்றாள்.

“பதினொரு முதுகு! ஊட்டுக்காரி சண்டை போட்டுட்டுத் திரும்பி நிக்கற மாதிரியே இருக்குதுங்க. திருப்பிச் சிரிக்க வைங்க, இப்பவே. இல்லாட்டி எனக்கு ஆர்டரே வேண்டாங்க.”

கவாத்து எதிரே நின்ற ஜெயத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு உட்கார்ந்து டப்பாக்களைத் திறந்தார். செடி வெட்டுகிற அதே வேகம். ஒரு முகத்துக்கு நாலே கோடு. ஒரு மணி நேரத்தில் பதினொரு பெண்களும் தோளுக்கு மேல் திரும்பிச் சிரித்தார்கள். ஒருதடவைகூட அவர் நிமிரவில்லை.

ரிசார்ட்காரர் பன்னிரண்டாவதைக் கையில் எடுத்தார். “இதுல ஆளையே காணோமே! அந்த இலைச் சந்துல ஒரு மொகம் வெச்சிருங்க.”

கவாத்து பிரஷ்ஷைக் கழுவினார். “அது வேற ஒருத்தருக்கு எழுதுனதுங்க.”

“யாருக்கு?”

கவாத்து அந்தப் பலகையை வாங்கிச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார். “சரி, ஒரு ரூமுக்குக் காலண்டர் மாட்டிக்கறேன். பொங்கலுக்குள்ள டைனிங் ஹாலுக்கு நாலு வேணுங்க” என்று சொல்லி, ரிசார்ட்காரர் பதினொன்றையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்.

ஜெயம் தெருவைக் கடந்து வந்தாள். “பன்னெண்டும் எடுத்துக்கிட்டாரா?”

“பதினொண்ணு. இன்னும் நாலு கேட்டிருக்காரு.”

“அப்பத் திருப்பூர் இல்ல?”

“இல்ல.”

அவள் ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தாள். சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருந்த பலகையைப் பார்த்தாள். “அந்த ஒண்ணக் கெடுத்துட்டீங்களாக்கும்?”

“ஆமா. கெட்டுப்போச்சு.”

அன்றைக்குப் பதினொரு பொய் எழுதியிருந்தார். பன்னிரண்டாவதை வாயால் சொன்னார்.

மழை விடவில்லை. மூடிக்கொண்டு போக நான் பாலிதீன் தாள் தேடுவதற்குள், கவாத்து தன் ஸ்வெட்டரைக் கழற்றி அந்தப் பலகைக்கு மாட்டி, அதன் இரண்டு கைகளையும் முன்னால் இழுத்து முடிச்சுப் போட்டார். பிறகு அதை மார்போடு அணைத்துக்கொண்டு, வெறும் சட்டையோடு, ஜெயத்துக்குப் பின்னால் மேடேறினார்.