மேல்மாடி இணையமும் என் கடைவாய்ப் பல்லும்

சிந்தனையாளரும், மேடைப் பேச்சாளரும், போன ஞாயிற்றுக்கிழமை முதல் பத்திரிகைக் கட்டுரையாளரும், இவை எல்லாவற்றுக்கும் முன்பே என் மனைவியின் கூடப்பிறந்த தம்பியுமாகிய மைத்துனர் அவர்களுக்கு,

கீழ்வீட்டு அத்தான் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் மூவரும் நலம், என் வாயின் இடதுபக்கம் நீங்கலாக. அங்கே நீங்களும் தங்கச்சியும் பையனும் நலம் என்பது எங்கள் கூரைக்கு மேலே ஓடுகிற டிவி சத்தத்திலிருந்து தெரிகிறது. மகிழ்ச்சி.

ஒரே கட்டடத்தில் இருந்துகொண்டு கடிதம் எதற்கு, படி ஏறி வந்து பேசலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். நீங்களும் படி இறங்கி வந்து பேசியிருக்கலாமே? ஊர் முழுக்கப் படிக்கிற பத்திரிகையில் அல்லவா பேசினீர்கள். ‘ஏழைக்குத் தேவை இணையமா, முனைப்பா?’ என்று தலைப்பு. தலைப்புக்குப் பக்கத்தில் உங்கள் படம், தாடையில் கை வைத்துக்கொண்டு. நான் அதை வாங்கிப் படிக்கவில்லை. எங்கள் சலவைக் கடை முதலாளிக்குப் பத்திரிகையைச் சத்தம் போட்டுப் படிக்கிற வியாதி உண்டு. நான் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன், அவர் படித்துக்கொண்டிருந்தார். ‘எனக்கு மிக நெருக்கமான ஓர் ஏழைக் குடும்பத்தில் ஒரு பெண். எப்போது பார்த்தாலும் கையில் போனோடுதான் உட்கார்ந்திருப்பாள். விளைவு? தேடி வந்த கல்லூரி இடத்தையே கோட்டைவிட்டாள். இப்படிப்பட்டவர்களுக்கு அரசு இலவசமாக இணையமும் கொடுத்தால் என்ன ஆகும்?’ என்ற இடம் வந்ததும் முதலாளி பத்திரிகையை மடக்கிவிட்டு, “சரியாத்தான் கேட்டிருக்காரு. யாரு பெத்த பொண்ணோ? பெத்தவன் என்ன புடுங்கிட்டு இருந்தானாம்?” என்றார். “தெரியலைங்க” என்றேன். அதற்குள் இஸ்திரிப்பெட்டிக்குக் கீழே ஒரு சட்டைக் காலர் கருகிவிட்டது. அது உங்கள் சட்டையாக இருந்திருக்கக் கூடாதா என்று இன்றுவரை வருத்தம்தான்.

பெற்றவன் என்ன செய்துகொண்டிருந்தான் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உங்கள் அக்காள் மகளுக்குச் செவிலியர் கல்லூரியில் இடம் வந்ததும், அன்று மாலை ஆறு மணிக்குள் இணையத்தில் போய் ‘சேர்கிறேன்’ என்ற பொத்தானை அழுத்தாவிட்டால் இடம் அடுத்த பெண்ணுக்குப் போய்விடும் என்பதும் உங்களுக்குத் தெரியாதது அல்ல. காலையிலேயே உங்கள் அக்காள் மாடிப்படியில் உங்களை நிறுத்திச் சொன்னாளே. நீங்களும் “நல்ல விஷயம்க்கா” என்று சொல்லிவிட்டு, இஸ்திரிச் சட்டை கசங்காமல் ஸ்கூட்டரில் ஏறினீர்கள். எங்கள் வீட்டில் இருப்பது ஒரே போன். அதில் ஒரு நாளைக்கு என்று ஒதுக்கிய டேட்டாவில் முக்கால்வாசியைத் தின்பது யார் தெரியுமா? நீங்கள்தான். விடிந்ததும் உறவினர் குழுவில் நீங்கள் அனுப்புகிற பூங்கொத்து, சூரியன், காலை வணக்கம். அன்றைக்கு அதோடு விட்டீர்களா? மாலையில் பேசப்போகிற பேச்சைக் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்த்து, அதை வீடியோவாக எடுத்து, குரல் சரியில்லை என்று இன்னொன்று எடுத்து, இரண்டையும் அனுப்பினீர்கள். என் மகள் எழுந்து போனைப் பார்ப்பதற்குள் உங்கள் முனைப்பு எங்கள் டேட்டாவை வழித்துத் துடைத்துவிட்டது.

மேற்கொண்டு டேட்டா போட மாதக் கடைசியில் கையில் காசில்லை. சரி, நேரிலேயே போய்ச் சொல்லிவிடலாம் என்று கல்லூரிக்கு ஓடினோம். காவலாளி கேட்டைத் திறக்கவே இல்லை. “எல்லாம் ஆன்லைன்லதாங்க. நேர்ல வந்தா செல்லாது.” பெண் நேரில் நிற்கிறாள், செல்லாதாம். அங்கிருந்து பொது நூலகம். அங்கே இலவசக் கணினி உண்டு. இருந்தது, துணி போர்த்தி. உட்காரப் போனால் நூலகப் பெண்மணி சுவரைக் காட்டினார். ‘கணினியைப் பயன்படுத்த விரும்புவோர் இணையத்தில் முன்பதிவு செய்து வரவும்.’ “அம்மா, இணையம் இல்லைன்னுதானே இங்க வந்திருக்கோம்” என்றேன். “அதை நீங்க இணையத்துலயே புகாரா குடுக்கலாம் சார்” என்றார், கிண்டல் இல்லாமல். அடுத்தது பேருந்து நிலையம். இலவச வைஃபை என்று ஆள் உயரத்துக்குப் பலகை வைத்திருக்கிறார்கள், பலகைக்குக் குறையே இல்லை. அலை வருவது பெண்கள் கழிப்பறை வாசலில் மட்டும். அம்மாவும் மகளும் அங்கே நின்று போனைத் தூக்கித் தூக்கிக் காட்ட, கழுவுகிற அம்மாள், “படமா எடுக்கறீங்க?” என்று துடைப்பத்தோடு வந்துவிட்டாள்.

கடைசியில் எங்களுக்குப் பழகிய இடத்துக்கே போனோம், எங்கள் கடைக்கு எதிரே இருக்கிற இலவசப் பல் மருத்துவமனைக்கு. அங்கே காத்திருக்கும் அறையில் இணையம் உண்டு. ஆனால் நோயாளிக்கும் கூட வந்தவருக்கும் மட்டும்தான். கடவுச்சொல்லைச் சீட்டில் எழுதித் தருவார்கள், தினமும் மாற்றுவார்கள். எங்கள் வீட்டில் படிப்பு என்பதே பல் வழியாகத்தான் நடந்துகொண்டிருந்தது, உங்களுக்குத் தெரியாது. விண்ணப்பம் போடுவதற்காக உங்கள் அக்காள் பல்லைச் சுத்தம் செய்துகொண்டாள். சான்றிதழ்களை ஏற்றுவதற்காக மகளுக்குப் பல் கூச்சம் வந்தது. மிச்சம் இருந்தது நான் ஒருவன்தான். சீட்டை வாங்கி மகள் கையில் திணித்துவிட்டுக் காத்திருந்தேன். பக்கம் திறக்க மாட்டேன் என்கிறது. என்னையோ உடனே கூப்பிட்டுவிட்டார்கள்.

“என்ன பண்ணுது?” என்றார் டாக்டர்.

“வலிக்குது.”

“எந்தப் பல்லு?”

ஒரு கணம் எல்லாப் பல்லையும் நினைத்துப் பார்த்தேன். முன்பல் போனால் முகம் போய்விடும். கடைவாயில் ஒன்றைக் காட்டினேன். தட்டினார். “இங்கயா?” “ஆமா.” பக்கத்துப் பல்லைத் தட்டினார். “இங்க?” “அங்கயும்.”

“பல்லு கல்லு மாதிரி இருக்கே. மாத்திரை எழுதறேன், போயிட்டு வாங்க.”

கதவு பாதி திறந்திருந்தது. வெளியே மகள் போனிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒரு கையை மட்டும் தூக்கி, இன்னும் கொஞ்சம் என்று காட்டினாள்.

“மாத்திரை வேணாம் டாக்டர். எடுத்துடுங்க.”

“நல்ல பல்லுங்க!”

“நல்லதோ கெட்டதோ, என் பல்லுதானே? எடுங்க.”

நல்ல பல் என்பதால் அது லேசில் வரவில்லை. டாக்டர் வியர்த்துப்போய் இழுக்கிறார், நான் உள்ளுக்குள், ‘வந்துடாத ராசா, இன்னும் கொஞ்சம் பிடிச்சுக்கோ’ என்று அந்தப் பல்லைக் கெஞ்சிக்கொண்டிருக்கிறேன். தன் பல் வரக்கூடாது என்று பல் டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்து வேண்டிக்கொண்டவன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அதுவும் தன்னால் முடிந்தவரை பிடித்துக்கொண்டுதான் இருந்தது, பாவம். பிறகு வந்துவிட்டது. டாக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்து, “பாருங்க, ஒரு சொத்தை இல்ல” என்று வருத்தப்பட்டார். கையைக் கழுவிவிட்டு அவசரமாகக் கிளம்பினார். ஏதோ கூட்டமாம், யாரோ பெரிய பேச்சாளராம். “இன்னிக்கு நீங்கதான் கடைசி பேஷன்ட்” என்று சொல்லிக்கொண்டே வரவேற்பு மேசைப் பெண் சுவரில் இருந்த இணையப் பெட்டியை அணைத்தாள். என் மகள் அப்போதுதான் கடைசிப் பக்கத்துக்கு வந்திருந்தாள். ‘நீங்கள் உறுதியாக இருக்கிறீர்களா?’ என்று அது கேட்டதாம். ‘ஆம்’ என்று அழுத்தினாளாம். சக்கரம் சுற்றியது, சுற்றியது, நின்றுவிட்டது.

வாயில் பஞ்சோடு வீட்டுக்கு ஓடி வந்தோம். உங்கள் வீடு பூட்டியிருந்தது, எல்லோரும் கூட்டத்துக்குப் போயிருந்தீர்கள். ஜன்னல் வழியாக உங்கள் பெட்டியின் பச்சை விளக்கு மட்டும் தெரிந்தது. ஆளில்லாத வீட்டுக்கு இணையம் கொடுத்துக்கொண்டிருந்தது. எங்கள் போனில் அதன் பெயர் முழு அலையோடு வந்தது. ‘சொந்த உழைப்பு’ என்று பெயர் வைத்திருக்கிறீர்கள், பக்கத்தில் ஒரு பூட்டு. போன வருடம் உங்கள் பையன் சின்னப்பிள்ளைத்தனமாக எங்கள் போனில் அதன் கடவுச்சொல்லைப் போட்டுக்கொடுத்து, என் மகளும் ஒரு பாடம் பார்த்துவிட்டாள் என்பதற்காக நீங்கள் படியில் நின்று, கட்டடமே கேட்க, “கேக்காம எடுத்தா அதுக்குப் பேரு என்னன்னு தெரியுமாம்மா?” என்றீர்கள். அவள் அழுதுகொண்டே, “இனிமே உங்களைக் கேக்காம தொடமாட்டேன் மாமா” என்றாள். அன்றைக்கே கடவுச்சொல்லை மாற்றினீர்கள். அந்தப் படியில்தான் அன்று மாலையும் உட்கார்ந்து உங்களுக்குப் போன் போட்டாள். துண்டித்தீர்கள். மறுபடி போட்டாள், துண்டித்தீர்கள். மூன்றாவது தடவை போன் அணைந்தே இருந்தது. நீங்கள் மேடையில் இருந்தீர்கள், ஏழைக்கு இணையம் தேவையா என்று பேசிக்கொண்டு. பக்கத்து வீட்டுப் பெண் தன் போனில் இருந்து இணையம் தர ஓடிவந்தாள். பக்கம் திறந்தபோது ஆறு தாண்டிவிட்டது. ‘நேரம் முடிந்தது. உங்கள் ஆர்வத்துக்கு நன்றி’ என்று வந்தது. அப்போதும் அவள் கையில் போனோடுதான் உட்கார்ந்திருந்தாள், நீங்கள் எழுதியது பொய்யில்லை. கூட்டம் முடிந்து படி ஏறும்போது அவளைத் தாண்டித்தானே போனீர்கள், பார்த்திருப்பீர்கள்.

அரசாங்கம் எதற்கு எல்லா ஏழைக்கும் இணையம் தரவேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஏன் தரக்கூடாதுங்கிறேன்? கல்லூரி, ஆஸ்பத்திரிச் சீட்டு, வேலை, செத்தவனுக்குச் சான்றிதழ், எல்லாத்தையும் தூக்கி அதுக்குள்ள வச்சது யாரு? நானா வச்சேன்? வாசலை அங்க வச்சவங்கதானே வழியும் போடணும்? சினிமா பாப்பாங்கன்னு எழுதறீங்களே, ஆமா பாப்போம். பாத்தா என்ன? உங்க வீட்டுல ராத்திரி ஓடறது என்ன, பாடமா? தெருவிளக்கு இருக்கிறது. அதற்குக் கீழே நடந்து போகிறேன், யாரிடமும் பல்லைக் காட்ட வேண்டியதில்லை, யாரும் மேலே நின்றுகொண்டு என் மகளைக் கேள்வி கேட்பதில்லை. எனக்கு வேண்டியது அவ்வளவுதான். சொந்தக்காரன் தயவில் வருகிற வெளிச்சம் எனக்கு வேண்டாம். அரசாங்கத்தைக் கேட்பேன், சத்தம் போட்டுக் கேட்பேன், தெருவில் நின்று கேட்பேன். உங்களை மட்டும் இந்த ஜென்மத்தில் ஒரு தீக்குச்சி கூடக் கேட்கமாட்டேன். இது சத்தியம். எங்கள் மிக்ஸி ஓடினால் நாற்காலிக் காலால் தரையைத் தட்டுவீர்களே, அதையும் இனி வைத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் பரீட்சைக் காலத்தில் ஒரு தம்ளரைக் கூடக் கழுவ விடாமல் உங்களைப் படிக்க உட்காரவைத்த பெண் கீழே சட்னி அரைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு பொறுத்துக்கொள்ளுங்கள். அவளையெல்லாம் நீங்கள் மறந்து வெகுகாலம் ஆகிவிட்டது என்று தெரியும்.

உங்கள் புகழ் வளரட்டும். பச்சை விளக்கு அணையாமல் எரியட்டும். பற்கள் முழுசாக இருக்கட்டும். தங்கச்சிக்கும் பையனுக்கும் என் அன்பு. உங்களுக்கு ஆசி சொல்லச் சொன்னது உங்கள் அக்காள். அதை அப்படியே அனுப்புகிறேன், என்னுடையது எதையும் சேர்க்கவில்லை.

இப்படிக்கு,
நெருக்கமான ஓர் ஏழைக் குடும்பத்தின் தலைவன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன்னால் மகளிடம் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, “மாமா பாஸ்வேர்டை மாத்தினது எனக்கு அப்பவே தெரியும்ப்பா. புதுசையும் மாமா பையன் அன்னிக்கே சொல்லிட்டான்” என்கிறாள். அவள் போன் போட்டது கடவுச்சொல் கேட்க இல்லையாம், தொடலாமா என்று அனுமதி கேட்கத்தானாம். “அடிப்பாவி, அப்ப என் பல்லு?” என்றேன். “உங்ககிட்ட சொன்னா நீங்களே அதைப் போன்ல போட்டிருப்பீங்க. நான் மாமாகிட்ட கேக்காம தொடமாட்டேன்னு சொல்லியிருக்கேனே” என்கிறாள். யார் வயிற்றில் பிறந்தது இது என்று தெரியவில்லை. அது என்ன கடவுச்சொல் என்று கேட்டேன். சொன்னாள். அடுப்படியில் இருந்த உங்கள் அக்காள், “என் பேரையா வச்சிருக்கான்?” என்று வந்து நின்றவள், கரண்டியோடு அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள். இன்னும் எழுந்திருக்கவில்லை.

கல்லூரியின் இரண்டாவது பட்டியல் நாளைக்கு வருகிறதாம். பிள்ளை பெயர் இருக்கும் என்கிறார்கள். மேலே நான் செய்த சத்தியத்தை அடித்துவிடுங்கள் மாப்பிள்ளை, மற்றதையும் வேண்டுமானால் அடித்துவிடுங்கள். அந்தப் பூட்டைத் திறக்கத் தன் அம்மா பெயரை எழுதலாமா என்று உங்கள் அக்காள் மகள் கேட்கிறாள். பதில் எழுத வேண்டாம். நாற்காலிக் காலால் தரையில் ஒரு தட்டுத் தட்டினால் போதும், கீழே மூன்று பேரும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.