ஓம் சாமி பார்த்துக் கொடுத்த ஆம்ப்ளிஃபயர்

திருவனந்தபுரத்தில் ஓம் சாமியைக் கேட்காமல் ஹெட்போனுக்கு ஆம்ப்ளிஃபயர் வாங்கியவர்கள் இரண்டே வகை. கடையில் திருப்பிக் கொடுத்தவர்கள் ஒரு வகை. திருப்பிக் கொடுக்க வெட்கப்பட்டு, அலமாரியில் துணிக்கு அடியில் ஒளித்து வைத்தவர்கள் மறு வகை. கேட்டு வாங்கியவர்கள் இல்லையா என்றால், நான் ஒருவன் இருக்கிறேன். மற்றவர்கள் எனக்குத் தெரிந்து இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

ஓம் சாமி சாமியாரல்ல. வயது முப்பத்தொன்று. எங்கள் அலுவலகத்தில் கம்ப்யூட்டர், கேபிள், மைக் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்பவர். ஆரியசாலையில் மிளகும் வற்றலும் மொத்த வியாபாரம் செய்யும் தமிழ்க் குடும்பத்தின் கடைசிப் பிள்ளை. "மொளகுக்குத் தரம் பாக்கத் தெரியாது, வயருக்குத் தரம் பாக்கான்" என்று அப்பா கடையை விட்டு விரட்ட, ஸ்ரீவராகத்தில் வாடகைக்கு அறை தேடிப் போனார். வீட்டுக்கார மாமி காபி கலக்க உள்ளே போன நேரத்தில் இவருக்கு ஒரு போன் வந்தது. மாமி டம்ளரோடு திரும்பும்போது, இவர் கண்ணை மூடிக்கொண்டு, "முப்பத்திரண்டு ஓம்... இல்ல, எம்பது ஓம்... முன்னூறு ஓம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மாமி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டார்.

"இந்த வயசுல இப்படி எண்ணி எண்ணி ஜபம் பண்றவாளை நான் பாத்ததே இல்லை. மாடி ரூம் உங்களுக்குத்தான்."

ஓம் என்பது மின்தடையை அளக்கும் அளவு என்று மாமிக்குத் தெரியவர ஆறு மாதமாயிற்று. அதற்குள் பெயர் தெருவைத் தாண்டி அலுவலகத்துக்கு வந்துவிட்டது.

நான் அந்த அலுவலகத்துக்குப் போனது நாற்பத்திரண்டு வயதில். அதற்கு முன் பதினேழு வருடம் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவன். அச்சகத்தை மூடினார்கள். காது கேளாதவர்களுக்காக சீரியல்களின் அடியில் வசனத்தை எழுத்தாகப் போடும் கம்பெனியில் ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். ஹெட்போனை மாட்டிக் கேட்க வேண்டும், கேட்டதைத் தட்ட வேண்டும். மூன்று மாதம் பார்த்துவிட்டு நிரந்தரமாக்குவார்கள். இல்லாவிட்டால் வீட்டுக்கு அனுப்புவார்கள்.

முதல் மாதமே சென்னையிலிருந்து புகார் வந்தது. கதாநாயகன் நெஞ்சில் அடித்துக்கொண்டு, "அவ போயிட்டா" என்று அழுகிறான். அடியில் நான் போட்டிருந்தது, "அவல் போட்டா." எங்கள் மானேஜர் மலையாளி. தமிழ் எழுத்து ஒன்றுகூடப் படிக்கத் தெரியாது. புகாரைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"சாரே, ஆ அவல் எவிடந்நு வந்நு?"

எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை. அடுத்த வாரம் "என் மானமே போச்சு" என்பதை "என் மாமாவே போச்சு" என்று போட்டேன். இனிமேல் நானே போய்விடுவேன் என்று தோன்றியது. பழியைக் கருவியின் மேல் போட்டு, ஒரு ஸ்டூடியோவில் பழசாகக் கழித்த பெரிய ஹெட்போன் ஒன்றை வாங்கி வந்து கம்ப்யூட்டரில் சொருகினேன். கொட்டாங்கச்சிக்குள் கொசு பேசுவதுபோல் கேட்டது.

ஓம் சாமியிடம் கொண்டுபோனேன். வணக்கம் இல்லை, நலம் விசாரிப்பு இல்லை.

"எத்தன ஓம் அண்ணாச்சி?"

தெரியவில்லை என்றேன். கோத்திரம் தெரியாமல் மாப்பிள்ளை பார்க்க வந்தவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். அடியில் பொடி எழுத்தில் இருந்ததை அவரே படித்தார். இருநூற்றைம்பது.

"இது மூணாவது மாடி, கேட்டோ. கம்ப்யூட்டர்ல இருக்கது கொழாத் தண்ணி. மேல ஏறாது. மோட்டார் வைக்கணும். அதான் ஆம்ப்ளிஃபயர். சின்ன ஓம் ஹெட்போன்லாம் கீழ் வீடு. அதுக்கு ப்ரஷர் வேண்டாம், தண்ணிதான் நெறைய வேணும். ரெண்டுக்கும் ஒரே மோட்டார்னு ஒருத்தன் விப்பான். வாங்கிராதீங்க."

"எவ்வளவு ஆகும்?"

"நாலாயிரத்துக்கு மேல ஒருத்தன் சொன்னா அவன் அலங்காரத்த விக்கான்."

சனிக்கிழமை கடைக்குப் போனோம். கடைக்காரர், உள்ளே கண்ணாடிக் குழல்கள் செக்கச்செவேலென்று எரியும் ஒரு பெட்டியைத் தொட்டுத் தடவிக் காட்டினார். எனக்குப் பிடித்துப்போயிற்று. மேசையில் வைத்தால் அலுவலகமே திரும்பிப் பார்க்கும்.

"அண்ணாச்சி, நீங்க குத்துவெளக்கு வாங்க வந்தீங்களா?" என்றார் ஓம் சாமி. பிறகு பையிலிருந்து மீட்டரையும் ஒரு துவர்த்தையும் எடுத்தார். துவர்த்து என்பது எங்கள் பக்கத்துத் துண்டு. அதனால் கடைக்காரரின் கண்ணைக் கட்டினார். மூன்று பெட்டிகளின் சத்தத்தையும் மீட்டர் வைத்து ஒரே அளவுக்குக் கொண்டுவந்து, மாற்றி மாற்றிக் கேட்க வைத்தார். கடைக்காரர் மூன்று முறையும் "இதுதான் அந்த விலை கூடியது" என்று சொன்னது, கடையிலேயே மலிவான பெட்டியை. துண்டை அவிழ்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"கண்ணு கெட்டீட்டு கச்சவடம் செய்யான் பற்றுமோ சாரே?"

கண்ணைக் கட்டிக்கொண்டு வியாபாரம் பண்ண முடியாதுதான். அந்தக் கடையில் எங்களை அதன்பிறகு உட்காரச் சொல்லவில்லை.

இவ்வளவு பார்ப்பவர் தனக்குப் பெண் பார்க்கப் போன கதை எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். கரமனைப் பக்கம் ஒரு வீடு. பெண் வங்கியில் வேலை. தனியாகப் பேசச் சொல்லி அனுப்பினார்கள். அந்தப் பெண்ணின் மேசையில் ஒரு ஹெட்போன் கிடந்திருக்கிறது. இருபது நிமிடம் பேசிவிட்டு வெளியே வந்த பெண், "அவருக்கு என் பேர்கூடத் தெரியாது" என்று சொல்லிவிட்டாள். சம்பந்தம் வேண்டாமென்று தரகர் வந்து சொன்ன மறுநாள், ஓம் சாமி ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயரைப் பொதிந்து, எந்தப் பாட்டுக்கு எவ்வளவு திருக வேண்டும் என்று தாளில் எழுதி, அந்த வீட்டுக்குக் கூரியரில் அனுப்பினார்.

"ஏன் ஐயா?" என்று கேட்டேன்.

"வேண்டாம்னு சொன்னது என்னத்தானே அண்ணாச்சி. அந்த ஹெட்போன் என்ன பாவம் பண்ணிச்சு?"

என் விஷயத்துக்கு வருகிறேன். அவர் தெரிந்தவர்களிடம் ஆறு பெட்டிகளை இரவல் வாங்கி வந்தார். தினமும் மதியச் சாப்பாடு முடிந்ததும் துணியால் மூடி வைத்து, ஒரே அழுகை வசனத்தை முப்பது முறை போடுவார். நான் ஒவ்வொரு நாளும் ஒவ்வொன்றை நல்லது என்பேன், இடது பக்கம் மட்டும் கொஞ்சம் குறைவு என்பேன். அவர் கோபிக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு வாரம் போயிற்று. மூன்று மாதம் முடிய ஒன்பது நாள்தான் இருந்தது. "ஏதாவது ஒண்ணச் சொல்லுமே, வாங்கித் தொலைக்கிறேன்" என்று நான் கத்தினேன்.

அவர் ஹெட்போனைக் கழற்றி என் தலையில் மறுபடி மாட்டினார். வசனத்தைப் போட்டார்.

"எந்தப் பக்கம் கொறைவா கேக்கு?"

"இடது பக்கம். முன்னேயே சொன்னேனே."

அவர் எழுந்து, "ஒரு சாயா குடிப்போம்" என்றார். சாலையோரக் கடையில் டம்ளரைக் கையில் வாங்கிய பிறகுதான் சொன்னார்.

"நான் ஹெட்போனத் திருப்பி மாட்டினேன் அண்ணாச்சி. வலது பக்கத்த இடது காதுல. கொறைவு திரும்பல."

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. குறை ஹெட்போனில் இல்லை, என் காதில் என்று புரிந்ததும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். வீட்டில் மனைவி, பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள். காதால் பிழைக்கிற வேலை. காது போனவன் என்று தெரிந்தால் ஒன்பது நாள்கூட வைத்திருக்க மாட்டார்கள்.

"ஆபீஸ்ல சொல்லிராதீங்க" என்றேன். அவரை நான் பன்மையில் அழைத்தது அன்றுதான்.

"ஸ்கூட்டர்ல ஏறுங்க" என்றார்.

காது டாக்டர் உள்ளே எட்டிப் பார்த்து, குறுமிளகு போல் ஓர் அழுக்கு உருண்டையை எடுத்தார். உலகம் சட்டென்று சத்தமாகிவிட்டது. ஆனால் முழுதாக அல்ல. பரிசோதனை செய்துவிட்டு, "ஏதாவது மெஷின் பக்கத்துல உக்காந்து வேலை பாத்தீங்களா?" என்று கேட்டார். அச்சு இயந்திரம் பதினேழு வருடம் என் இடது பக்கத்தில் ஓடியது. அந்தக் குறை அப்படியேதான் இருக்கும், சத்தத்தை மிஞ்ச விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். நான் கலங்கிப்போய் எழுந்தேன். ஓம் சாமி எழவில்லை.

"டாக்டர், டெஸ்ட்டுக்கு வச்ச அந்த ஹெட்போன் எத்தன ஓம்?"

டாக்டருக்குத் தெரியவில்லை. ஓம் சாமி வழியெல்லாம் அதைச் சொல்லி வருத்தப்பட்டுக்கொண்டே வண்டி ஓட்டினார்.

மறுநாள் மானேஜர் அழைத்தார். புகார்த் தாள்கள் மேசையில் இருந்தன. எந்தா ப்ரஸ்னம் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் ஓம் சாமி உள்ளே வந்தார்.

"ஹெட்போனாணு சார். இடது சைடு வீக். ஞான் செக் செய்தப்போ ஸ்ரத்திச்சில்ல. என்றெ தெற்றா."

கவனிக்காமல் விட்டேன், என் தவறு என்கிறார். இந்த மனிதர் தன் வாழ்நாளில் ஒரு வயரைக்கூடத் தவறாகச் சொன்னதில்லை. சொன்னதாக யாராவது சொன்னால் மூன்று நாள் பேசமாட்டார். மானேஜருக்கு நம்ப முடியவில்லை. வெளியே இருந்தவர்கள் தட்டச்சை நிறுத்திவிட்டார்கள். என்னை இன்னும் ஒரு மாதம் பார்ப்பது என்று முடிவாயிற்று. ஓம் சாமி பொறுப்பில்லாதவர் என்று ஒரு குறிப்பும் அவருடைய கோப்பில் ஏறியது.

அன்று சாயங்காலமே ஆம்ப்ளிஃபயர் முடிவாகிவிட்டது. மூன்றாவது மாடிக்கு ஏற்றுகிற வலு உள்ள, நாலாயிரத்துக்குள் அடங்குகிற, பார்க்க ஓர் அழகும் இல்லாத கறுப்புப் பெட்டி. அதைவிடத் தெளிவான பெட்டி இன்னொன்று இருந்தது. அதை ஒதுக்கிவிட்டார். இதில் இடதுக்கும் வலதுக்கும் தனித்தனியே சத்தத்தை ஏற்றி இறக்க ஒரு திருகு உண்டு. கண்ணை மூடிக்கொண்டு திருகை இம்மி இம்மியாக நகர்த்தி, நான் "ம்" என்ற இடத்தில் வெள்ளைப் புள்ளி ஒன்று வைத்தார். அதற்குப் பின் என் வசனங்களில் அவல் வரவில்லை. அடுத்த மாதம் நிரந்தரமானேன்.

இதையெல்லாம் துணிந்து எழுதக் காரணம், எங்கள் மானேஜர் தமிழ்ப் பத்திரிகை படிப்பதில்லை. அவர் நல்லவர். போன வருடம், "ஆ பழய ஹெட்போன் கள சாரே" என்று, பழசைத் தூக்கிப் போடச் சொல்லி, கம்பெனிச் செலவில் எனக்குப் புத்தம் புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்தார். ஓம் சாமி அதை மாட்டிக்கொண்டு ஐந்து நிமிடம் கண்ணை மூடிக் கேட்டார். அலுவலகம் முழுக்க அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. கழற்றினார், பெருமூச்சு விட்டார்.

"இதிலயும் இடது சைடு வீக்காணு சார்" என்றார். என் முகத்தைப் பார்க்காமலே திருகை நகர்த்தி வைத்துவிட்டுத் தன் மேசைக்குப் போனார்.