வரவேற்புரையில் ஓர் எரிமலை

"தொண்டை கட்டிக்கிச்சு சார். இன்னைக்குப் பேச முடியாது போல" என்று மேனேஜரிடம் கம்மிய குரலில் சொன்னார் அகராதி. தொண்டைக்கு ஒன்றும் இல்லை.

"அதுக்கென்ன, கூட்டத்தைச் சாயங்காலத்துக்குத் தள்ளிடலாம். அதுக்குள்ள முதலாளியும் வந்துடுவாரு. நீங்க இத்தாலி பேசுறதை அவரும் கேக்கட்டும்!"

அந்தச் செருப்புக் கம்பெனியில் ஆங்கிலக் கடிதம் எழுதுகிறவர் அகராதி. ஓயாமல் அகராதி புரட்டியதால் அதுவே பெயராகிவிட்டது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். போன வாரம் சாப்பாட்டு நேரத்தில், அம்ப்ரெல்லா, பால்கனி, பியானோ, ஸ்டுடியோ எல்லாம் ஆங்கிலேயன் இத்தாலிக்காரனிடம் வாங்கியவை, திருப்பிக் கொடுக்கவே இல்லை என்று மிஷின் பழுது பார்க்கும் மெக்கானிக்கிடம் அளந்துகொண்டிருந்தார். பின்னால் நின்ற மேனேஜர் கேட்டுவிட்டார்.

"அட, உங்களுக்கு இத்தாலி தெரியுமா?"

"ஏதோ... கொஞ்சம்."

'தெரியாது' என்று சொல்ல நாக்கு ஏன் எழவில்லையோ! அந்தக் 'கொஞ்சம்' தன்னடக்கமாகப் போய்விட்டது. கம்பெனி இத்தாலியிலிருந்து புதுத் தையல் இயந்திரம் வாங்கியிருந்தது. அதை விற்றவர்களின் பிரதிநிதி இன்று வருகிறார். வடநாட்டுக்காரர், தமிழ் தெரியாது. இத்தாலியிலேயே பல வருடம் இருந்தவராம். வீட்டில் மனைவி வேறு அக்கம்பக்கம் முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டாள்.

அகராதி இன்னொரு வழி பார்த்தார். "நாலு பேர் இருந்தா அவரு சங்கடப்படுவாரு சார். நாங்க ரெண்டு பேரும் தனியா பேசிக்கிறோமே?"

"சேச்சே! நீங்க பேசுறதைப் பேசிட்டு, முதலாளிக்கு அப்படியே மொழிபெயர்த்தும் சொல்லிடுங்க."

சாயங்காலம் இயந்திரத்தைச் சுற்றி நாற்காலிகள் போட்டார்கள். முதலாளி நடுவில் உட்கார்ந்தார். மெக்கானிக் ஓரமாக நின்றார். வந்தவர் டை கட்டி, சிரித்த முகமாக இருந்தார்.

"நம்ம ஆளு உங்ககிட்ட இத்தாலியிலேயே பேசுவாரு!" என்றார் மேனேஜர், ஆங்கிலத்தில். வந்தவரின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

அகராதி எழுந்தார். ஆங்கிலம் கடன் வாங்கிய சொற்களில் மங்களகரமாக நாலைத் தேடினார். பதற்றத்தில் நாசமாய்ப் போனவைதான் நினைவுக்கு வந்தன.

"வுல்கானோ!" என்றார், இரு கைகளையும் விரித்து. "மலாரியா! இன்ஃப்ளுவென்ஸா! பால்கோனே!"

வந்தவர் முகம் வெளிறியது. "பிராவோ..." என்றார். "பியானோ... பியானோ..."

"என்ன சொல்றாரு?" என்றார் முதலாளி.

"வரவேற்பு ரொம்பப் பிரமாதமாம்."

"மிஷின் கெட்டா எத்தனை வருஷம் இலவசமா பழுது பார்ப்பாங்கன்னு கேளுங்க."

அகராதி இன்னும் இரண்டு சொற்களைத் தேடிப் பிடித்தார். "குவாரண்டீனா? ஃபியாஸ்கோ?" என்று நோய்த் தனிமையையும் படுதோல்வியையும் கேள்விபோல் இழுத்தார்.

வந்தவர் ஐந்து விரல்களைக் காட்டிவிட்டு விருட்டென்று எழுந்து வெளியே போனார்.

"அஞ்சு வருஷமா!" முதலாளி துள்ளிக் குதிக்காத குறை. மெக்கானிக் பக்கம் திரும்பினார். "அப்போ இனிமே அவங்களே பார்த்துப்பாங்க. இந்த மாசத்தோட நீங்க நின்னுக்கலாம்."

மெக்கானிக் கையிலிருந்த எண்ணெய்த் துணியை மடித்தார். அகராதியைப் பார்த்து, "நல்லாத்தான் பேசுனீங்க சார்" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே பாராட்டினார்.

அகராதிக்கு உடம்பெல்லாம் கூசியது. தினமும் எதிரே உட்கார்ந்து, தன் பெருமையை எல்லாம் வாய் மூடிக் கேட்ட ஒரே மனிதர் அவர்தான். மானம் போனால் போகட்டும் என்று அகராதி முதலாளி முன்னால் போய் நின்றார்.

"ஐயா, எனக்கு இத்தாலி தெரியாது. எரிமலை, மலேரியா, ஃப்ளூ, பால்கனின்னுதான் அவர்கிட்டச் சொன்னேன். அந்த அஞ்சு விரலுக்கு என்ன அர்த்தம்னு சத்தியமா தெரியாது. இவரை நிறுத்தாதீங்க. நிறுத்தணும்னா என்னை நிறுத்துங்க."

மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார். முதலாளி நாற்காலியை விட்டு எழுந்தார்.

"அவரு வேலையில இருக்கட்டும். உங்களை அப்புறம் கவனிச்சுக்கிறேன். வீடு தேடி வந்த மனுஷனுக்கு மலேரியாவா? அவரு நம்மளைப் பத்தி என்னய்யா நெனச்சிருப்பாரு! போய்க் கால்ல விழுந்தாவது மன்னிப்புக் கேளுங்க."

அகராதி தலை குனிந்தபடி வாசலுக்குப் போனபோது கம்பெனி கார் டிரைவர் எதிரே வந்தார்.

"ஐயா, வந்தவரு கார்ல உக்காந்து இந்தியில புலம்பி அழுவுறாருங்க, எனக்கு இந்தி தெரியும். 'எனக்கு இத்தாலியில ஒரு எழுத்துகூடத் தெரியாது, தெரியும்னு பொய் சொல்லித்தான் வேலைக்குச் சேர்ந்தேன், உள்ள ஒருத்தரு தண்ணி பட்ட பாடா பேசுறாரு, அஞ்சு நிமிஷத்துல வர்றேன்னு விரலைக் காட்டிட்டு ஓடியாந்துட்டேன், யார்கிட்டயும் சொல்லிடாதே'ங்கிறாரு. ஸ்டேஷன்ல விட்டுடவா?"